பகையும் நட்பும் இடம் மாறும் களம்: தொழில்முறை மல்யுத்தக் கதைத்தொடர்களில் அணிமாற்றம்

முன்னுரை

கூத்து, நாடகம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகிய நிகழ்த்து வடிவங்கள் திறனாய்வின் எல்லைக்குள் இடம்பெற்றுவிட்டன. இவற்றின் கூறுகள் பலவற்றைத் தன்னுள் கொண்டிருந்தும் தொழில்முறை மல்யுத்தம் அவ்வெல்லைக்கு வெளியிலேயே நிற்கிறது. 1990களில் கேபிள் தொலைக்காட்சி வழியாக இந்திய இல்லங்களுக்குள் நுழைந்து ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிட்ட இவ்வடிவத்தைப் 'பொய்ச் சண்டை' என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது. வெற்றி தோல்விகள் முன்னரே முடிவு செய்யப்படுகின்றன என்பது மறைபொருளும் அன்று. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே தன் நிகழ்ச்சிகள் போட்டிகள் அல்ல, கேளிக்கைகளே என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட ஒப்புதல் அது.

இவ்வொப்புதலுக்குப் பின்னரும் பார்வையாளர் கூட்டம் கலைந்துவிடவில்லை. முடிவு எழுதப்பட்டது என அறிந்தும் பல்லாயிரவர் அரங்கில் கூடிச் சினந்தனர், அழுதனர், ஆர்ப்பரித்தனர். யார் வெல்வார் என்னும் வினாவைவிட யார் யாருடன் நிற்பார் என்னும் வினாவே அவர்களை ஈர்த்தது எனலாம். நண்பர் பகைவராதலும் பகைவர் நண்பராதலும் இக்கதைத்தொடர்களின் அச்சாணி. அத்தகைய அணிமாற்றம் எந்நிலையில் பொருள் பெறுகிறது, எந்நிலையில் பொய்த்துப்போகிறது என்பதை 1987 முதல் 2001 வரையிலான சில நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்தொழிலில் பார்வையாளரின் அன்புக்குரிய பாத்திரத்தை 'ஃபேஸ்' என்றும் வெறுப்புக்குரிய பாத்திரத்தை 'ஹீல்' என்றும், ஒன்று மற்றொன்றாவதை 'டர்ன்' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் இவை முறையே நல்லோன், தீயோன், அணிமாற்றம் எனக் குறிக்கப்பெறுகின்றன. நிகழ்த்தப்படுவதை உண்மையே போலக் காக்கும் தொழில் மரபுக்குக் 'கேஃபேப்' என்று பெயர்.

பகையின் அடியில் உள்ள நம்பிக்கை

தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் இணைத்துப் புலனெறி வழக்கத்தை விளக்குகிறார். அகப்பாடலுக்கென அமைந்த அவ்விலக்கணத்தை மல்யுத்தத்தின் மீது அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும் புனைவும் நடப்பும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே வெளிப்பாட்டுள் இயங்கக்கூடும் என்னும் அதன் நோக்கு இங்குப் பயன்படுவதாகும். மல்யுத்தத்தில் நாடக வழக்கு பகையைக் காட்டுகிறது. உலகியல் வழக்கோ நம்பிக்கையின் மீது நிற்கிறது. தலைக்கு மேல் ஒருவனைத் தூக்க வேண்டுமாயின் தூக்கப்படுபவனும் உந்தியெழுந்து உதவ வேண்டும். வீழ்த்துபவன் வீழ்பவனின் கழுத்தைக் காக்க வேண்டும். கதையில் எவ்வளவு கொடிய பகைவராயினும் மேடையில் ஒருவர் உடல் மற்றவரின் கையில் அடைக்கலமாக இருக்கிறது.

இந்நம்பிக்கை எத்தகையது என்பதை 1997 ஆகஸ்டு 3 அன்று நியூ ஜெர்சியில் நிகழ்ந்த ஒரு விபத்து காட்டுகிறது. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து அமர்ந்து வீழ்த்தும் பிடியில் பிழை நேர்ந்து ஆஸ்டினின் தலை தரையில் மோதியது. கழுத்து அடிபட்டதால் சிறிது நேரம் அவரால் உடலை அசைக்க இயலவில்லை. கதைப்படி ஆஸ்டினே வெல்ல வேண்டும். ஓவன் பார்வையாளரை நோக்கி ஏளனம் செய்வதுபோல் நடித்துக் காலத்தைக் கடத்தினார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து வலுவற்ற கைகளால் பற்றியபோது ஓவன் தாமே சாய்ந்து தோல்வியை ஏற்றார். ஏளனம் நாடக வழக்கில் பகையாகவும் உலகியல் வழக்கில் துணையாகவும் அமைந்த தருணம் அது. 'பொய்ச் சண்டை' என்னும் சொல் இத்தருணத்தின் எந்தப் பாதியையும் விளக்கப் போதுமானதன்று.

பார்த்தின் கட்டுரையும் அதன் எல்லையும்

இத்துறையில் முதன்மையாகச் சுட்டப்படுவது பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் எழுதிய கட்டுரையாகும். 1957இல் வெளிவந்த 'மித்தாலஜிஸ்' நூலின் தொடக்கக் கட்டுரையாக அது அமைந்துள்ளது. மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி. மல்லனின் கடமை வெல்வதன்று, தன்னிடம் எதிர்பார்க்கப்படும் மெய்ப்பாடுகளை முழுமையாகக் காட்டுவதே என்பது பார்த்தின் துணிபு. துன்பம், தோல்வி, நீதி ஆகியவை அங்கு ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகின்றன என்கிறார்.

பார்த் கண்டது பாரிசின் சிற்றரங்குகளில் ஓர் இரவில் தொடங்கி அவ்விரவிலேயே முடியும் ஆட்டங்களை. அங்கு ஒவ்வொரு கணமும் தன்னளவில் நிறைவுடையது; முன்கதை வேண்டாதது. தொலைக்காட்சி வழி வளர்ந்த அமெரிக்க மல்யுத்தமோ ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர்கதை. துரோகத்தை உணர்வதற்கு நட்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆகவே அணிமாற்றத்தைக் கணத்தின் அழகியலால் அளக்க இயலாது. நினைவின் அழகியலே அதற்கு வேண்டும். பார்த்தின் பார்வை தவறன்று. அது தனி ஆட்டத்துக்கு உரியது. தொடருக்கு உரிய அளவுகோலை அங்கிருந்து பெற முடியாது.

விதை முன்னரே ஊன்றப்பட்ட பிளவு: ஹோகனும் சேவேஜும்

1987 அக்டோபரில் ஒளிபரப்பான நிகழ்ச்சியொன்றில் மூவர் சேர்ந்து ராண்டி சேவேஜைத் தாக்குகின்றனர். அவருடைய துணைவியும் மேலாளருமான மிஸ் எலிசபெத் உள்ளே ஓடி, அதுவரை சேவேஜின் பகைவராக இருந்த ஹல்க் ஹோகனை அழைத்து வருகிறார். ஹோகன் காக்கிறார், இருவரும் கைகுலுக்குகின்றனர். 'மெகா பவர்ஸ்' என்னும் கூட்டணி பிறக்கிறது. 1988 மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்த நான்காம் ரெஸ்ல்மேனியாவில் ஹோகனின் துணையோடு சேவேஜ் பட்டம் வெல்கிறார். 1989 பிப்ரவரி 3 அன்று இருவரும் இணைந்து ஆடிய ஆட்டத்தில் சேவேஜ் வெளியே வீசப்பட்டு எலிசபெத்தின் மேல் விழுகிறார். மயங்கிய அவரை ஹோகன் சுமந்து மருத்துவ அறைக்குக் கொண்டு செல்கிறார். களத்தில் தனித்து விடப்பட்ட சேவேஜ், திரும்பி வந்த ஹோகனை அறைந்துவிட்டு வெளியேறுகிறார். பின்னர் மருத்துவ அறையிலேயே அவரைத் தாக்குகிறார்.

இதனைத் திடீர்த் திருப்பம் எனக் கொள்வது பொருந்தாது. எலிசபெத்தின் மீது அன்பு கொண்ட ஜார்ஜ் ஸ்டீல் என்பவரோடு 1986இலேயே சேவேஜ் மூர்க்கமாகப் பகைத்திருந்தார். எலிசபெத்தை யாரும் நெருங்குவதைப் பொறாத இயல்பு அவருடைய பாத்திரத்தின் அடித்தளம். கைகுலுக்கல் அவ்வியல்பை மாற்றவில்லை, மறைத்தது. அன்றியும், அக்கூட்டணியை உண்டாக்கியவர் எலிசபெத். அதன் முறிவுக்குக் காரணமாக்கப்பட்டவரும் எலிசபெத். தொடங்கிய கையே முடிவின் விதையையும் ஏந்தியிருந்தது.

இப்பிளவின் சிறப்பு, அது இரு வாசிப்புகளுக்கு இடம் தருவதாகும். சேவேஜின் ஐயம் பொறாமையின் விளைவு என்பது கதையமைப்பாளர் முன்வைத்த வாசிப்பு. வெற்றிக் களிப்பில் ஹோகன் எலிசபெத்தைத் தோளில் ஏற்றிக் கொண்டாடியதையும், தோழனைக் களத்தில் விட்டுச் சென்றதையும் நினைவில் கொண்ட பார்வையாளருக்குச் சேவேஜின் சினத்தில் நியாயம் புலப்படும். தீயோனுக்கும் ஒரு வழக்கு உண்டு என்று தோன்றும்போதுதான் அணிமாற்றம் இலக்கியத் தகுதி பெறுகிறது. 1989 ஏப்ரல் 2 அன்று ஐந்தாம் ரெஸ்ல்மேனியாவில் இருவரும் மோதியபோது எலிசபெத் எப்பக்கமும் சாராது நின்றார்.

அக்கதை நிறைவுற்றது 1991 மார்ச் 24 அன்று. தோற்றால் விலக வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆடித் தோற்ற சேவேஜை அவருடைய அப்போதைய துணையான ஷெர்ரியே தாக்க, பார்வையாளரிடையே அமர்ந்திருந்த எலிசபெத் ஓடி வந்து காக்கிறார். 1987இல் பிறரை அழைத்து வந்தவர் இப்போது தாமே வருகிறார். அரங்கில் பலர் கண்ணீர் விட்ட காட்சி ஒளிப்பதிவில் உள்ளது. நான்காண்டு நினைவு இல்லாதவருக்கு அக்காட்சியில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

பார்வையாளர் முந்திய மாற்றம்: ஹார்ட்டும் ஆஸ்டினும்

1997 மார்ச் 23 அன்று சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்டில் நடந்த பதின்மூன்றாம் ரெஸ்ல்மேனியாவில் பிரெட் ஹார்ட் நல்லோனாகவும் ஸ்டீவ் ஆஸ்டின் தீயோனாகவும் களம் புகுந்தனர். வெளியேறும்போது இருவர் நிலையும் மாறியிருந்தது. ஒரே ஆட்டத்தில் இருவரும் இடம் மாறுவது அரிய நிகழ்வாகும்.

எதிரி வலி பொறாது பணிந்தால் மட்டுமே வெற்றி என்பது அவ்வாட்டத்தின் விதி. முகமெங்கும் குருதி வழிய, ஹார்ட்டின் பிடியில் சிக்கிய ஆஸ்டின் பணியாமலே நினைவிழந்தார். நடுவர் கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்திய பின்னரும் ஹார்ட் அவரைத் தாக்கினார். உதவ வந்தவரை விலக்கிவிட்டு ஆஸ்டின் தள்ளாடியவாறு தாமே நடந்து சென்றார். வென்றவர் இகழப்பட்டார், தோற்றவர் போற்றப்பட்டார்.

மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தறுகண்மையைக் கூறும். வெகுளிக்குரியவற்றுள் ஒன்று பிறரை அலைத்தல். ஆஸ்டினின் பணியாமை முன்னதற்கும், வீழ்ந்தவரை ஹார்ட் அலைத்தது பின்னதற்கும் பொருந்தும். மருட்கைக்குரியவற்றுள் ஆக்கம் என்பதும் ஒன்று. ஒன்று பிறிதொன்றாகத் திரிதலை உரை மரபு அதன் பொருளாகக் கொள்ளும். அணிமாற்றம் தரும் வியப்பு இவ்வகையைச் சார்ந்தது. முன்பு காணாத புதுமையால் விளையும் வியப்பன்று அது. நன்கு அறிந்த ஒன்று கண்முன்னே வேறாவதால் விளைவது.

இங்குக் கருதத்தக்க செய்தி, மாற்றம் அன்றிரவு தொடங்கவில்லை என்பதாகும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே ஆஸ்டினுக்கு ஆரவாரம் கூடிவந்தது. ஹார்ட்டின் முறையீடுகள் சலிப்பை ஏற்படுத்தி வந்தன. பார்வையாளர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்ததைக் கதையமைப்பாளர் முறைப்படுத்தினர். அதன் பின்னர் ஹார்ட், 1994 முதல் தமக்குப் பகைவராக இருந்த தம்பி ஓவனோடு இணைந்தார். குடும்பத்தாரும் நண்பருமாகிய ஐவர் கொண்ட அணி அமைந்தது. 1997 ஜூலை 6 அன்று அவர்தம் சொந்த ஊராகிய கனடாவின் கால்கரியில் அதே ஐவர் வீரராகக் கொண்டாடப்பட்டனர், ஆஸ்டின் இகழப்பட்டார். அமெரிக்க அரங்குகளில் தீயோர், கனடாவில் நல்லோர். பாத்திரத்தின் செயல் மாறவில்லை. காண்போர் நின்ற நிலம் மாறியது. நல்லோன், தீயோன் என்பவை பாத்திரத்தின் பண்புகள் அல்ல, பாத்திரத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான உறவின் பெயர்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம்பிக்கை முறிந்த இரவு: மாண்ட்ரியல்

1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் நடந்ததை இவ்வரிசையில் விதிவிலக்காகக் கொள்ள வேண்டும். போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குச் செல்லவிருந்த ஹார்ட், ஷான் மைக்கேல்சுக்கு எதிரான ஆட்டத்தில் பட்டத்தை இழக்க மாட்டார் என்பதே அவரறிந்த ஏற்பாடு. மைக்கேல்சின் பிடியில் அவர் இருந்தபோது, அவர் பணியாத நிலையிலேயே, களத்தருகே நின்ற நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மஹோன் மணியை அடிக்கச் செய்து ஆட்டத்தை முடித்தார். ஹார்ட் அவர்மீது உமிழ்ந்தார்; பின்னர் உடைமாற்றும் அறையில் அவரை அடித்தார்.

இங்கு நிகழ்ந்தது கதைக்குள் நேர்ந்த அணிமாற்றம் அன்று. கதையைத் தாங்கி நின்ற உலகியல் உடன்பாடே முறிந்தது. முன்னர்ச் சுட்டிய ஓவனின் செயலோடு இதனை ஒப்பிடுதல் தகும். ஆகஸ்டில் கதைப் பகைவர் ஒருவர் களத்தில் தோழராக நின்றார். நவம்பரில் தொழில் தோழர் களத்திலேயே பகைவரானார். முதலாவது இத்தொழிலின் அறம். இரண்டாவது அதன் மீறல்.

அம்மீறலும் விரைவில் கதையாக்கப்பட்டதே வியப்புக்குரியது. அதுவரை பெரும்பாலும் வருணனையாளராகவே திரையில் தோன்றிய மக்மஹோன், கொடிய முதலாளி என்னும் பாத்திரமானார். மாண்ட்ரியலில் எழுந்த உண்மையான வெறுப்பு அப்பாத்திரத்தின் மூலதனமாயிற்று. அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர் ஆஸ்டின். கழுத்துக் காயத்தைக் காட்டி ஆட விடாமல் தடுத்த மக்மஹோனை 1997 செப்டம்பர் 22 அன்றே அவர் வீழ்த்தியிருந்தார். 1998 முதல் முதலாளிக்கும் பணியாத தொழிலாளிக்கும் இடையிலான இப்பகை நிறுவனத்தின் மையக் கதையாக வளர்ந்தது.

ஏற்கப்படாத கூட்டு: ஆஸ்டினும் மக்மஹோனும்

2001 ஏப்ரல் 1 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், 67,925 பேர் என அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் முன் ஆஸ்டின் ராக்கை எதிர்த்தார். ஆட்டத்தின் இறுதியில் மக்மஹோன் குறுக்கிட்டு ஆஸ்டினுக்கு உதவினார். அவர் தந்த இரும்பு நாற்காலியால் ராக்கைப் பலமுறை அடித்து ஆஸ்டின் பட்டம் வென்றார். பின்னர் இருவரும் கைகுலுக்கி ஒருங்கே பீர் அருந்தினர். மூன்றாண்டுப் பகை ஒரு கணத்தில் நட்பாயிற்று.

கணத்தின் அழகியலால் அளந்தால் இது மறக்கவியலாத காட்சி. வெற்றிக்காக ஆன்மாவையே விற்றவன் என்னும் கருத்தும் வலுவுடையது. பட்டத்தை இழந்துவிடுவோமோ என்னும் ஆஸ்டினின் தவிப்பு முன்னரே காட்டப்பட்டதும் உண்மை. எனினும் நினைவின் அழகியலால் அளக்கும்போது இம்மாற்றம் நிற்கவில்லை. டெக்சாஸ் ஆஸ்டினின் சொந்த மாநிலம். நாற்காலி அடிகளுக்கும் அங்கு ஆரவாரம் எழுந்தது. வெறுக்க வேண்டிய இடத்தில் கூட்டம் வெறுக்கவில்லை. கால்கரியில் கிடைத்த பாடம் ஹூஸ்டனில் மறக்கப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. சேவேஜின் மாற்றம் அவருடைய பழைய இயல்பின் வெளிப்பாடு. ஹார்ட்டின் மாற்றம் அவருடைய பெருமையின் மறுபக்கம். ஆஸ்டினின் மாற்றமோ அவருடைய பாத்திரத்தின் மறுப்பு. யாரையும் நம்பாமை, யாருக்கும் பணியாமை என்னும் இரண்டே அப்பாத்திரத்தின் உயிர். அவரை மக்மஹோனிடம் சேர்த்தபோது பார்வையாளர் இழந்தது ஒரு நல்லோனை மட்டுமன்று. தம் முதலாளிகளுக்கு எதிராகத் தாம் கற்பனையில் பெற்றிருந்த வெற்றியையும் இழந்தனர். அன்று திட்டத்தை மாற்றி மக்மஹோனை வீழ்த்தியிருக்க வேண்டும் என்று ஆஸ்டினே பிற்கால நேர்காணல்களில் கூறியுள்ளார். எட்டு மாதங்கள் நிறைவதற்குள், 2001 நவம்பரில், அவர் மீண்டும் மக்மஹோனுக்கு எதிராக நிறுத்தப்பட்டார்.

இதே நிலை பின்னரும் நேர்ந்தது. 2025 மார்ச் 1 அன்று டொராண்டோவில், இருபதாண்டுக்கு மேல் நல்லோனாக நின்ற ஜான் சீனா ராக்கோடு இணைந்து கோடி ரோட்ஸைத் தாக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு தொடக்கத்திலேயே அவர் பழைய நிலைக்குத் திரும்பினார். அதிர்ச்சியை ஓரிரவில் உண்டாக்கலாம். இசைவை அவ்வாறு உண்டாக்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகள் அணிமாற்றத்தை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலைத் தருகின்றன. எதிர்பாராமை அதன் தகுதியன்று. மாற்றம் நிகழ்ந்த பின் பழைய காட்சிகளைத் திரும்பிப் பார்க்கும்போது அவை புதுப்பொருள் கொள்கின்றனவா என்பதே தகுதி. 1989இன் பிளவு 1987இன் கைகுலுக்கலை மீண்டும் வாசிக்கச் செய்கிறது. 1997இன் இடமாற்றம் அதற்கு முந்திய மாதங்களின் முறையீடுகளையும் ஆரவாரங்களையும் விளக்குகிறது. 2001இன் கூட்டோ, தனக்கு முந்திய மூன்றாண்டுகளைப் பொருளற்றதாக்குகிறது.

நட்பு, பகை என்னும் உறவுகள் இக்களத்தில் இருவரிடையே அமைவன அல்ல. மூன்றாமவராகிய பார்வையாளரின் இசைவும் அவற்றுக்கு வேண்டும். எழுதுவோர் முன்மொழியலாம், ஏற்பதும் மறுப்பதும் அரங்கின் உரிமை. இவ்வுரிமை அரங்கிலேயே, அக்கணத்திலேயே, குரலாக ஒலிக்கும் வடிவம் என்னும் வகையில் தொழில்முறை மல்யுத்தம் ஏற்புக் கோட்பாட்டுத் திறனாய்வுக்கு அரிய தரவாகிறது.

இவை அனைத்துக்கும் அடியில், கதையில் சொல்லப்படாத ஓர் உறவு நிற்கிறது. தன் கழுத்தைப் பகைவன் கையில் ஒப்படைக்கும் நம்பிக்கை அது. மேலே நட்பும் பகையும் எத்தனை முறை இடம் மாறினும் அது மாறாதிருக்க வேண்டும். அது மாறிய ஒரே இரவை இத்தொழில் இன்றளவும் மறக்கவில்லை. இவ்வடிவத்தைப் பொய் என்று ஒதுக்குவோர் காணத் தவறுவது, அப்பொய்யைக் காப்பதற்கு எவ்வளவு மெய் வேண்டியிருக்கிறது என்பதையே.